உம் கொட்ட விட்ட இடைவெளி

நான் வேலை பார்க்கிற ஊர்க் கேரட் தினமும் மலை இறங்கிப் போகும். பூண்டு போகும், உருளைக்கிழங்கு போகும், முட்டைக்கோஸ் போகும். விடிவதற்கு முன்னால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டைகள் இறங்கிவிடும். அந்த மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் என் வீடு. வீட்டில் யூகேஜி படிக்கிற என் மகள். "கேரட்டுக்கு இருக்கிற வசதி எனக்கு இல்லையே சார்" என்று நான் சொன்னால் எங்கள் தலைமையாசிரியர் சிரிப்பார். நான் அவரைச் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொன்னேன்.

கொடைக்கானல் மலையில் கவுஞ்சியைத் தாண்டி உள்ளே போனால் இருக்கிற ஒரு தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்புகள், இரண்டே ஆசிரியர்கள். தலைமையாசிரியர் ஒருவர், நான் ஒருத்தி. அவருக்கு ஓய்வுபெறும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. முழங்கால் வலியால் படியைப் பக்கவாட்டில்தான் ஏறுவார். எனக்கு மாறுதல் கலந்தாய்வில் ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளி கிடைத்தது. ஆணை கையில் வந்த அன்று ஊர் முழுக்க மிட்டாய் கொடுத்தேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவர் போக வேண்டுமென்றால், அவர் இடத்துக்கு இன்னொருவர் வந்து சேர்ந்திருக்க வேண்டும். அதுவரை விடுவிக்க மாட்டார்கள். ஆணை என் பெட்டியில் துணிக்கு அடியில் கிடந்தது. மிட்டாய் தின்ற பிள்ளைகள் தினமும் காலையில் என்னைப் பார்த்துக் கேட்டார்கள்: "டீச்சர், நீங்க இன்னும் போகலையா?"

அந்த இடத்துக்கு யார் வருவார்? ஒரே ஒரு இளைஞர் வந்தார், ஊரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று. பஸ்ஸை விட்டு இறங்கியதும் போனை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"டவர் எங்க டீச்சர் கெடைக்கும்?"

"மேல வளைவுல கெடைக்கும் சார். மேகம் இல்லேன்னா."

"மேகம் எப்ப இருக்காது?"

எனக்குப் பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அன்றைக்குச் சொல்லியிருப்பேன். மனிதர் ஒரு டீ குடித்தார், கொஞ்ச நேரம் பள்ளிக்கூடத்துச் சுவரைப் பார்த்தார், வந்த பஸ் திரும்பும்போது அதிலேயே ஏறிக்கொண்டார். அவர் பையையாவது பிடுங்கி உள்ளே வைத்துப் பூட்டியிருக்கலாம் என்று எனக்குப் பல நாள் தோன்றியது.

வாடகைக்கு ஒரு அறை எடுத்து ஊரிலேயே தங்கியிருந்தேன். மதியத்துக்கு மேல் ஒரு பஸ் போகும், அது பள்ளி விடுவதற்கு முன்பே போய்விடும். அதனால் சனிக்கிழமை வெள்ளனே கிளம்பி, கொடைக்கானல் போய், பெருமாள்மலை வழியாகப் பழனி இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வீட்டுக்குப் போனால், மகளுக்கு ஒரு வேளை சோறு ஊட்டுவதற்குள் திரும்பி மலையேற வேண்டிய ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. எங்காவது மரம் விழுந்திருக்கும், எங்காவது மண் சரிந்திருக்கும். அறை ஜன்னலைத் திறந்தால் வெள்ளையாக ஒரு மேகம்தான் நிற்கும். எதிர் வீடு தெரியாது. சில நாள் எனக்கு மூச்சு முட்டும். யாரிடமாவது சண்டை போட்டால் தேவலை என்று இருக்கும். பாவம், தலைமையாசிரியர்தான் மாட்டுவார்.

என் மகளுக்குக் கதை கேட்டால்தான் தூக்கம் வரும். கதை சொன்னால் உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் நான் நிறுத்திவிடுவேன். அது எங்கள் வீட்டுச் சட்டம். நான் மலையேறிய பிறகு, கதையை அறையில் உட்கார்ந்து போனில் பதிவு செய்து, சாயங்காலம் வளைவுக்கு நடந்துபோய் வீட்டுக்கு அனுப்பிவைப்பேன். வீட்டுக்காரருக்கு மில்லில் சூப்பர்வைசர் வேலை. ஷிப்ட் முடித்து வந்து அதைப் போட்டுக் காட்டுவார். முதல் கதையைக் கேட்டுவிட்டு மகள் ஒரே புகார்: "அம்மா மூச்சே விடாமப் பேசுது. நான் எங்க உம் கொட்டுறது?"

அதற்கப்புறம் இடைவெளி விட்டுப் பேசக் கற்றுக்கொண்டேன். "ஒரு ஊர்ல ஒரு யானை இருந்துச்சாம்..." என்று சொல்லிவிட்டு, அவள் உம் கொட்டும் நேரத்துக்குச் சும்மா இருப்பேன். அப்புறம் அடுத்த வரி. அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில் எனக்கு அவள் குரல் கேட்கிற மாதிரியே இருக்கும்.

வீட்டுக்காரர் ஒருநாள் போனில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீ விடுற கேப்ல இவ கேள்வியெல்லாம் கேக்குறா. 'அந்த யானைக்கு அம்மா எங்க?'ங்குறா. நீ பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போயிடுற. அவளும் 'சரி, சொல்லு'ன்னு விட்டுடுறா."

நானும் சிரித்தேன்.

இந்த வித்தையைத்தான் பள்ளிக்குக் கொண்டு போனேன். தலைமையாசிரியருக்கு மாதத்தில் பல நாள் அலுவலகச் சோலி இருக்கும், கொடைக்கானலுக்குப் போய்விடுவார். அன்றைக்கு ஐந்து வகுப்பும் என் தலையில். பெரிய பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் சின்னதுகள் ஜன்னலில் ஏறும். சின்னதுகளைப் பார்த்தால் பெரியவர்கள் கபடி ஆடுவார்கள். அதனால் சின்ன வகுப்புப் பாடங்களைப் பேசிப் பதிவு செய்தேன். கொடைக்கானல் கடைத்தெருவில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி வாங்கினேன். "மூணும் நாலும் எத்தனை?" என்று என் குரல் கேட்கும். இடைவெளி. பிள்ளைகள் "ஏழு" என்று கத்துவார்கள். "சபாஷ், கெட்டிக்காரி! அடுத்தது சொல்லு பாப்போம்" என்று பெட்டி சொல்லும். ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்துவது, பாட்டு, இடையில் என் வழக்கமான அதட்டல், எல்லாம் உள்ளே உண்டு. "ஏலே, யாருலே அது பின்னால பேசுறது?" என்று பெட்டி கேட்டால் உண்மையிலேயே எவனாவது பேசிக்கொண்டிருப்பான். திடுக்கிட்டு வாயை மூடுவான். பிள்ளைகள் அதற்குப் 'பெட்டி டீச்சர்' என்று பேர் வைத்தார்கள். நான் அடுத்த அறையில் பாடம் நடத்துவேன். ஒரு காது இந்தப் பக்கமே இருக்கும். சத்தம் மாறினால் ஓடி வந்துவிடுவேன்.

கொடைக்கானலில் ஒரு பள்ளியில் மாதம் ஒருமுறை சுற்றுவட்டார ஆசிரியர்கள் கூடுவோம். கூட்டம் என்றால் எனக்கு ஆசை. பிஸ்கட்டும் டீயும் கிடைக்கும் என்பது ஒன்று. டவர் நன்றாகக் கிடைக்கும், மகள் முகத்தை வீடியோவில் பார்க்கலாம் என்பது இன்னொன்று. அந்த மாதம் பேச்சு, வகுப்பறையில் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பது. ஆளுக்கு ஒரு யோசனை சொல்ல வேண்டும்.

வில்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு டீச்சர் போனைக் காட்டினார். வகுப்பறை நடுவில் ஒரு சிங்கம் நிற்பதுபோல் அதில் தெரிந்தது. எல்லோரும் 'அடேயப்பா' என்றார்கள்.

"எங்க பள்ளிக்கூடத்துல காட்டுமாடு நெசமாவே வந்து நிக்கும் டீச்சர். போன் எதுக்கு?" என்றேன். கூட்டம் சிரித்தது.

இன்னொரு சார், இலையைப் படம் பிடித்தால் செடியின் பேரைச் சொல்லும் செயலியைக் காட்டினார். கேரட் இலையைக் காட்டினோம், அது வேறு ஏதோ பேரைச் சொன்னது. "எங்க ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை சொல்லும் சார் இத" என்று அதற்கும் வாயைக் கொடுத்தேன். அடக்கமாக இருக்க எனக்கு எப்போது தெரிந்தது!

என் முறை வந்ததும் பெட்டியை மேசைமேல் வைத்து, வந்திருந்த ஆசிரியர்களையே பிள்ளைகளாக உட்கார வைத்தேன். பெட்டி கேள்வி கேட்க, அவர்கள் ஒரே குரலில் பதில் சொல்ல, பெட்டி "சபாஷ்" போட, அறையே குலுங்கியது. பின் வரிசையில் இரண்டு பேர் குசுகுசுத்த நேரம் பார்த்துப் பெட்டி "ஏலே, யாருலே அது" என்றது. ஒரு சாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. என் மகள் உம் கொட்டும் கதையையும், இடைவெளியில் கேள்வி கேட்பதையும் சேர்த்துச் சொன்னேன். கை தட்டினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

கூட்டத்துக்கு வந்திருந்த வட்டாரக் கல்வி அதிகாரி, அதுவரை தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்தார். "அப்ப டீச்சர், நீங்க அந்த ரூம்ல இல்லாமயே இது ஓடுமா?"

"ஜோரா ஓடும் சார்" என்றேன்.

டீ குடிக்கும்போது அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. "உங்க டிரான்ஸ்பர் கெடப்புல கெடக்குல்ல? எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஒண்ணு பண்ணுங்க. எல்லாப் பாடத்தையும் இப்படியே பேசிப் பதிஞ்சு வச்சிருங்க. அடுத்த வாரம் நான் நேர்ல வந்து பாக்குறேன். நீங்க இல்லாம, ஹெச்.எம். ஒருத்தரே இந்தப் பெட்டிய வச்சு ஸ்கூல ஓட்டிக் காட்டட்டும். நல்லா ஓடுச்சுன்னா நான் மேல பேசிக்கிறேன். தற்காலிகமா அப்படியே ஓடட்டும்னு சொல்லி உங்கள ரிலீவ் பண்ணிடலாம்."

டீ டம்ளரை அப்படியே மேசையில் வைத்தேன். வெளியே ஓடிப்போய் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"நெசமாவா? நெசமாவாடி?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். பின்னால் மில் சத்தம். அன்று இரவே மகளிடம் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் கழிந்து வரும் திங்கட்கிழமையிலிருந்து எங்க அம்மாதான் என்னை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகும் என்று அவள் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

தலைமையாசிரியரிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே கேட்டுக்கொண்டார். "நல்லதும்மா. பாப்பாகிட்டப் போய்ச் சேருங்க. ஏசப்பா வழி விட்டுட்டாரு" என்றார். அப்புறம் சின்னப் பிள்ளைகள் உட்காரும் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, சாக்பீஸ் எடுக்கப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. 'நான் ஒத்தையில என்னம்மா பண்ணுவேன்' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். 'நான் என்ன சார் பண்ணட்டும், எனக்குப் பிள்ளை இல்லையா' என்று கத்தியிருப்பேன். அதற்கு வழியே இல்லாமல் பண்ணிவிட்டார் மனிதர்.

அந்த வாரம் சாயங்காலம் எல்லாம் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு போனில் பேசினேன். வெளிக்காற்றுச் சத்தம் பதிவில் விழக் கூடாது என்பதற்காக. தமிழ், கணக்கு, பாட்டு. கேள்வி, இடைவெளி, சபாஷ். தொண்டை கட்டிக்கொண்டது. மிளகு போட்ட வெந்நீரைக் குடித்துவிட்டு மறுபடி பேசினேன். மகளுக்கு அந்த வாரம் கதை அனுப்பவில்லை. நேரிலேயே சொல்லப் போகிறேனே, எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அதிகாரி வருகிறார் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் உண்டு. அதை நாங்கள் சொல்லிக் கொடுத்தே வைத்திருக்கிறோம், எல்லாப் பள்ளிகளையும் போல. கையைக் கட்ட வேண்டும், நிமிர்ந்து உட்கார வேண்டும், அசையக் கூடாது, கேட்டால் ஒழியப் பேசக் கூடாது. முந்தின நாள் நான் மறுபடி சொன்னேன். "நாளைக்கு யாரும் எந்திரிக்கக் கூடாது. பெட்டி டீச்சர் என்ன சொல்லுதோ அதுக்கு மட்டும் பதில் சொல்லணும். சரியா?" எல்லாத் தலையும் ஆடியது. முதல் வரிசையில் ஒண்ணாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. இருப்பதில் அவள்தான் சின்னவள், என் மகளைவிட ஒரு பிடி உயரம். அம்மா கேரட் கழுவும் வேலைக்குப் போவதால் ஸ்வெட்டர் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு தானாகவே வந்துவிடுவாள். அவள் அப்போதிருந்தே கையைக் கட்டிக்கொண்டாள்.

அதிகாரி வந்த அன்று மேகம் வகுப்பறைக்குள்ளேயே வந்துவிட்டது. குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாக ஜீப்பிலிருந்து இறங்கினார். "நீங்க வெளியவே இருங்க டீச்சர். நீங்க இல்லாத மாதிரிதான் நடக்கணும்" என்றார். நான் வராந்தாவில், சின்னப் பிள்ளைகளின் அறை ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றேன். ஜன்னல் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. தலைமையாசிரியர் பெட்டியைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் நடந்து பெரிய பிள்ளைகளின் அறைக்குப் போனார்.

என் குரல் தொடங்கியது. "வணக்கம் பிள்ளைகளா!" பிள்ளைகள் ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். "ரெண்டும் மூணும் எத்தனை?" "அஞ்சு!" "சபாஷ், கெட்டிக்காரி!" ஜன்னலில் ஏறுகிறவன் ஏறவில்லை. பென்சில் பிடுங்குகிறவன் பிடுங்கவில்லை. "ஏலே, யாருலே அது பின்னால பேசுறது?" என்று பெட்டி கேட்ட நேரத்தில் அறையில் ஒரு சத்தம் இல்லை. பேசாத பிள்ளைகள் எல்லாம் பயந்துபோய் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதிகாரி போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான். எண்ணிக்கொண்டே நின்றேன்: சனிக்கிழமை வீட்டுச் சாமான் ஏற்ற வேண்டும், கேரட் லாரியிலேயே போட்டுவிடலாம்.

அப்போதுதான் அந்தச் சிறுமி கையைத் தூக்கினாள். கை என்றால் முழுக் கை இல்லை. முஷ்டியை மடக்கி, சுண்டு விரலை மட்டும் நீட்டி. ஒண்ணுக்குப் போக வேண்டும் என்றால் எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் கேட்பார்கள். பெட்டியைப் பார்த்துத் தூக்கினாள்.

பெட்டி, "சபாஷ்! அடுத்தது சொல்லு பாப்போம்" என்றது.

அவள் கை இறங்கவில்லை. நான் உள்ளே கால் வைக்கப் போனேன். நிறுத்திக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நேரம்தான். பாடம் முடிந்துவிடும். அதிகாரி போய்விடுவார். அதுவரை தாங்கிக்கொள்வாள், பிள்ளைகள் தாங்கும். என் மகள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். வாயை மூடிக்கொண்டு நில்லுடி என்று எனக்கு நானே சொன்னேன். ஜன்னல் கம்பி ஐஸ் மாதிரி இருந்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

அதிகாரி போனை அவள் பக்கம் திருப்பினார். யாரிடமோ காட்டுவதற்காகச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்: "பாருங்க, கையெல்லாம் தூக்கி எவ்வளவு ஆர்வமா கலந்துக்குறாங்க."

பெட்டி ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தியது. மற்ற பிள்ளைகள் திருப்பிக் கத்தினார்கள். அவள் கத்தவில்லை. சுண்டு விரல் மட்டும் நின்றது. கீழே சிமென்ட் தரையில் ஈரம் பரவி, பக்கத்துப் பையனின் பை வரைக்கும் வந்தது. அவன் குனிந்து பார்த்தான். பையை நகர்த்தவில்லை. அசையக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவள் அழக்கூட இல்லை, விரலையும் இறக்கவில்லை. எனக்காகக் காத்திருந்தாள், பெட்டிக்குள்ளிருந்து நான் பார்ப்பேன் என்று.

"கெட்டிக்காரி!" என்றது என் குரல்.

எப்படி உள்ளே போனேன் என்று தெரியாது. பெட்டியை அமுக்கினேன், அது நிற்கவில்லை, கையும் ஓடவில்லை, தூக்கிக் கவிழ்த்துவிட்டேன். அதற்கு அப்புறமும் கொஞ்சம் பாடிவிட்டுத்தான் நின்றது. என் சால்வையை எடுத்து அவளைச் சுற்றித் தூக்கினேன். அப்போதுதான் விரலை மடக்கினாள்.

"என்ன டீச்சர், நல்லாப் போய்ட்டிருந்துச்சே" என்றார் அதிகாரி.

"தரையப் பாருங்க சார்."

பார்த்தார். "சின்னப் பிள்ளைங்கன்னா இதெல்லாம் இருக்கும். நீங்க இருந்தாலும்..."

"நான் இருந்தா விரலத் தூக்குனதுமே அனுப்பியிருப்பேன் சார். அது கேக்குது, இது சபாஷ்ங்குது. என் குரல்லயே சொல்லுது சார் இது! நாளைக்கு ஒரு பிள்ள மயங்கி விழுந்தாலும் கெட்டிக்காரின்னுதான் சொல்லும். இந்தப் பிள்ளைங்க ஆடாம அசையாம உக்காந்திருந்தது பாடத்துக்கு இல்ல, உங்களுக்கு. நான்தான் மெரட்டி வச்சேன்." குரல் நானே இதுவரை கேட்டிராத உயரத்துக்குப் போயிருந்தது. அடுத்த அறையில் பெரிய பிள்ளைகளின் வாய்ப்பாடு நின்றுபோனது. தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார்.

அதிகாரி குல்லாவைக் கழற்றினார். "அப்ப உங்களுக்கு ரிலீவிங் வேண்டாமா?"

"வேணும் சார். ஆள் குடுத்துட்டு அனுப்புங்க."

"ஆளுக்கு நான் எங்கம்மா போவேன்?" என்றார். அதட்டலாக இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "இந்தப் பக்கம் வர்றதுக்கு ஒருத்தர் சம்மதிக்கல. உங்கள மாதிரி எத்தன பேரு எங்கிட்ட வந்து அழுவுறாங்க தெரியுமா? ஏதோ ஒரு வழி கெடைச்சுச்சேன்னு பாத்தேன்." வீடியோ எடுத்த போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மேகத்துக்குள் நடந்து ஜீப்புக்குப் போனார். அவரிடம் கோபப்பட்டது எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் வேறு யாரிடம் போய்க் கோபப்படுவேன்?

சிறுமிக்கு வெந்நீர் வைத்துக் கழுவி, பள்ளியில் மிச்சமிருந்த சீருடை ஒன்றைப் போட்டுவிட்டேன். தொளதொளவென்று இருந்தது. நான் வெளியே வந்தபோது தலைமையாசிரியர் வாளியோடு குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு.

"விடுங்க சார், நான் பண்றேன்."

"போயிருக்கலாம்லம்மா நீங்க" என்றார், நிமிராமலே. "இந்தப் பிள்ளைய நான் பாத்திருக்க மாட்டேனா?"

"நீங்க அந்த ரூம்ல இருந்தீங்க சார்."

அவர் துணியைப் பிழிந்து மறுபடி துடைத்தார். அழுதாரா, மேகத்தில் கண்ணாடி நனைந்ததா, எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் வளைவுக்குப் போனேன். டவருக்காகக் காத்திருக்கிற இரண்டு மூன்று பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்குத் தள்ளி நிற்க வேண்டும் போல இருந்தது, ஆனால் தள்ளி நின்றால் டவர் கிடைக்காது. அவர்கள் காதில் விழ விழத்தான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"ஊராம் பிள்ள ஒண்ணுக்குப் போனதுக்கு நம்ம பிள்ளைய விட்டுட்டியா?" என்றார்.

டவர் போய்விடக் கூடாதே என்று அதே இடத்தில் நின்றேன்.

"இவகிட்ட நீயே சொல்லு. என்னால முடியாது" என்று போனை மகளிடம் கொடுத்தார். அவள் மூச்சு கேட்டது. வாயருகே போனை ஒட்டி வைத்துக்கொள்வாள், அது அவள் பழக்கம். திங்கட்கிழமை வர மாட்டேன் என்று எந்த வார்த்தையால் தொடங்குவது? எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததைத் தொடங்கினேன். அந்த வாரம் அனுப்பாமல் விட்ட கதை.

"ஒரு ஊர்ல ஒரு காட்டுமாடு இருந்துச்சாம்..."

"உம்" என்றாள்.

"அதுக்கு ஒரு கன்னுக்குட்டி இருந்துச்சாம். குட்டி மலைக்குக் கீழ இருந்துச்சாம்..."

"உம். அம்மா, நீ எப்ப வருவ?"

கேட்டுவிட்டாள். நான் வாயைத் திறந்தேன். சொல்லிவிட வேண்டும், எப்படியும் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று மூச்சை இழுத்தேன். பதிவு இல்லை, நிஜமாகவே நான்தான் இந்தப் பக்கம் இருந்தேன். பதில் சொல்லக் கூடிய அம்மாவாக, காதோடு போனை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் காத்திருக்கவில்லை.

"சரி, சொல்லு" என்றாள். "குட்டி கீழ இருந்துச்சு. உம்."